பிரசவம் எங்கே, எவ்விதம்?
(தாம்பரத்தைச் சூழ்ந்த கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்யப்பட்ட பிரசங்கத்தின் வாசகம்)



பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறவி என்று நம் பெரியோர் சொல்லி வந்தது வெறும் அலங்கார வார்த்தையன்று. ஒரு குடும்பத்தில் உயிர் ஒன்று புதிதாக வரும் நாளே, உயிர் ஒன்று போகவும் கூடிய நாளாக நெடுங்காலம் இருந்து வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைப் பற்றி முன்கூட்டியே யோசித்து முடிவு செய்யும் குடும்பங்கள் எத்தனை? விதை எப்பொழுது வாங்குவது, எரு எங்கே வாங்குவது, வீட்டுக்கு அஸ்திவாரம் எப்பொழுது போடுவது என்று மாதக்கணக்கில் ஆலோசிக்கும் குடியானவரும், தொழிற்சாலைச் சம்பளக்காரரும், மனைவியின் பிரசவத்தை மட்டும் வலி கண்ட இரவில்தான் ஆலோசிக்கத் தொடங்குகின்றனர்.

இதற்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். 1904-ஆம் வருஷத்தில் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவானபொழுது, குடியானவனை லேவாதேவிக்காரனிடமிருந்து மீட்பதே அதன் நோக்கமாயிருந்தது. லேவாதேவிக்காரனுடைய வாயிற்படியை மனிதன் மிதிக்கும் சமயங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று கலியாணம். மற்றொன்று, முன்னறிவிப்பின்றி வரும் வைத்தியச் செலவு. பிரசவச் செலவோ முன்னறிவிப்பின்றி வருவதன்று. அதற்கு ஒன்பது மாத நோட்டீசு உண்டு. அந்த நோட்டீசை வீணாக்காமலிருப்பதே சிக்கனத்தின் முதற்பாடமாகும்.

முற்காலத்து முறை

முற்காலத்தில் பிரசவம் வீட்டிலேயே நிகழ்ந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத மூலை அறை ஒன்று ஒதுக்கப்படும். தீட்டு என்ற காரணத்தால் கிழிந்த பாயும் பழந்துணியுமே அங்கே செல்லும். பரம்பரை மருத்துவச்சி அழைக்கப்படுவாள். அவளிடம் அனுபவம் இருந்தது, பரிவும் இருந்தது. வலியெடுத்த பெண்ணை நடக்கச் சொல்லி, இடுப்பை நீவிவிட்டு, குந்தியிருக்கச் செய்து, பயத்தை நீக்கி, இரவு முழுதும் பக்கத்திலிருந்து அவள் செய்த உதவி இகழத்தக்கதன்று. ஆனால் கிருமி என்பது கண்ணுக்குத் தெரியாத சத்துரு. கழுவாத கையும், தொப்புள்கொடியை அறுத்த அரிவாளும், அதன்மேல் வைத்த சாம்பலும் சாணமும் தாய்க்குப் பிரசவ ஜன்னியையும், சிசுவுக்கு இசிவு நோயையும் கொண்டுவந்தன. பிறந்த சில நாட்களில் பால் குடிக்காமல் வாய் இறுகி மாண்ட குழந்தைகளைப் பேய் அடித்தது என்று ஜனங்கள் சொன்னார்கள். அடித்தது பேயன்று, அழுக்கே. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், சுத்தமான கத்தியும் வழக்கத்துக்கு வந்த பிறகு, 2015-இல் இந்தியா அந்நோயைத் தாய் சிசு விஷயத்தில் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது.

ஆஸ்பத்திரி என்ற பெயர் மாத்திரம் உயிரைக் காத்துவிடாது என்பதும் அறியத்தக்கது. 1847-இல் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர் ஒரு விந்தையைக் கவனித்தார். மருத்துவச்சிகள் வேலை செய்த பகுதியைவிட, வைத்தியர்களும் மாணாக்கர்களும் வேலை செய்த பகுதியில் தாய்மார் அதிகமாக மாண்டனர். பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு அவர்கள் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று கண்டு, குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவும்படி கட்டளையிட்டார். நூற்றுக்குப் பத்தை ஒட்டியிருந்த மரணம் அடுத்த வருஷத்திலேயே இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. ஆகவே, இடம் எது என்பதோடு, அங்கே கை கழுவுகிறார்களா என்பதும் முக்கியம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தாம்பரத்தின் வழியே தெற்கே செல்லும் டிரங்க் ரோட்டில் திண்டிவனம் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் அவ்வூரில் மிஷன் வைத்தியராயிருந்த ஜான் ஸ்கட்டர் என்பவரின் குமாரத்தி ஐடா ஸ்கட்டர், தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். ஒரே இரவில் மூன்று கணவன்மார், பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், வேறொரு ஹிந்து ஒருவர், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியருக்கு உதவ வேண்டும் என்று அவளை அழைத்தனர். தான் வைத்தியம் கற்றவளல்ல, தன் தந்தை வருவார் என்று அவள் கூற, அந்நிய ஆடவர் பார்ப்பது கூடாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே ஐடா ஸ்கட்டரை வைத்தியம் கற்க வைத்தது. 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் 1902-இல் பெண்களுக்கான ஆஸ்பத்திரியையும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் அவர் நிறுவினார். அதுவே பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இச்சரித்திரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்று கணவன்மாரும் கொடியவர்களல்லர். மனைவியின்பால் அன்பு இருந்ததனால்தான் நள்ளிரவில் ஓடி வந்தார்கள். ஆனால் எங்கே, யாரிடம் என்ற முடிவைச் செய்தவர்கள் அவர்கள். அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் உள்ளே கிடந்த பெண்கள். அப்பெண்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை இனி ஒருவரும் அறிய முடியாது.

சென்னையில் இதற்கு முன்பே வழி திறக்கப்பட்டிருந்தது. 1844-இல் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று தொடங்கப்பட்டு, 1882-இல் எழும்பூரில் இப்பொழுதுள்ள இடத்துக்கு மாறிற்று. கோஷாப் பெண்களும் தயக்கமின்றி வரும்பொருட்டு, 1885-இல் மேரி ஷார்லீப் என்னும் பெண் வைத்தியரின் முயற்சியால் தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அதுவே திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியாக விளங்குவது. 1926-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் ஒன்று தாதிகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஏற்பாடு செய்தது. எழும்பூர் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஏ. லக்ஷ்மணசுவாமி முதலியார் 1938-இல் வெளியிட்ட பிரசவ வைத்திய நூல், பல தலைமுறை மாணாக்கர்களுக்குப் பாடபுஸ்தகமாயிற்று. இவ்வாறு நூறு வருஷ உழைப்பினால் உண்டான பயனை இன்று யாவரும் அனுபவிக்கின்றனர். 1992-93-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ் நாட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பிரசவம் வீட்டிலேயே நிகழ்ந்தது. 2019-21-இல் எடுத்த கணக்கில் ஆயிரத்துக்கு 996 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் நிகழ்ந்தன. 2018-20-இல் லக்ஷம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியா முழுவதிலும் 97 தாய்மார் மாள, தமிழ் நாட்டில் 54 பேரே மாண்டனர். அந்த 54-உம் குறைய வேண்டியதே.

வீட்டுக்குத் திரும்பும் புதிய ஆசை

இந்நிலையில் வேறொரு போக்கு தலைகாட்டியிருக்கின்றது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு தம்பதிகள், யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்றனர். குழந்தை பிழைத்தது, தாய் அதிக உதிரப்போக்கினால் மாண்டாள். 2024 நவம்பரில், தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூர்ப் பகுதியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவின் யோசனைகளை நம்பி, கணவனே மனைவிக்குப் பிரசவம் பார்த்தான். தாயும் சேயும் பிழைத்தனர். சுகாதார இலாகாவினர் போலீஸில் புகார் செய்தனர்.

இத்தகையோரை மூடர் என்று ஏசுவதனால் பயனில்லை. அவர்கள் வீட்டை நாடியதற்குக் காரணங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் அதட்டுகிறார்கள், உறவினரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள், மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள், வலியை விரைவுபடுத்த ஊசி, பின் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் என்று முடித்துவிடுகிறார்கள் என்பவை அவர்களுடைய குறைகள். இக்குறைகளில் உண்மையில்லை என்று சொல்ல இயலாது. ஆனால் குறைக்குப் பரிகாரம், குறையை நீக்கும்படி கேட்பதேயன்றி, உயிரைப் பணயம் வைப்பதன்று. சங்கத்தின் கணக்கில் பிழை கண்ட அங்கத்தினர் மகாசபையில் எழுந்து கேட்பாரா, அல்லது பணத்தை வைக்கோற்போரில் ஒளித்து வைப்பாரா?

இங்கிலாந்திலும் ஹாலந்திலும் வீட்டில் பிரசவிக்கிறார்களே என்று சிலர் வாதிக்கின்றனர். உண்மைதான். இங்கிலாந்தில் 2011-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று, வேறு கோளாறில்லாத பெண்களுக்கு இரண்டாவது மூன்றாவது பிரசவம் வீட்டில் நிகழ்ந்தாலும் குழந்தைக்கு அபாயம் அதிகமாகவில்லை என்றும், தலைப்பிரசவமாயின் குழந்தைக்கு அபாயம் சற்று அதிகம் என்றும் கண்டது. ஆனால் அங்கே வீட்டுக்கு வருபவர் யார்? பல வருஷம் படித்துப் பதிவு பெற்ற மருத்துவச்சி. பையில் உதிரத்தை நிறுத்தும் மருந்தும், சிசுவுக்கு மூச்சூட்டும் கருவியும் கொண்டவர். அழைத்தவுடன் வரும் வண்டியும், காத்திருக்கும் ஆஸ்பத்திரியும் உடையவர். அவ்வளவு இருந்தும், வீட்டில் தலைப்பிரசவம் தொடங்கிய நூறு பெண்களில் 45 பேர் பிரசவத்தின்போதோ அதையடுத்தோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டனர். மருத்துவச்சியின்றி, மருந்தின்றி, வண்டியின்றி, கைக்குள் அடங்கும் படத்தைப் பார்த்துச் செய்யும் காரியத்தை அதனோடு ஒப்பிடுதல் தகாது.

தாமதம் மூன்று வகை

பிரசவத்தில் தாயைக் கொல்வது பெரும்பாலும் தாமதமே. அது மூன்று வகைப்படும். போகலாமா என்று முடிவு செய்வதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

பிள்ளை பிறந்தபின் நஞ்சுக்கொடி விழுந்து, கர்ப்பப்பை கல்லைப்போல் இறுக வேண்டும். இறுகாவிட்டால் உதிரம் மடை திறந்தாற்போல் போகும். ஓரிரு மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்து உண்டாகும். பிள்ளை பிறந்தவுடன் போடும் ஆக்ஸிடோஸின் ஊசி ஒன்றே இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். 2019-21-ஆம் வருஷக் கணக்கின்படி தமிழ் நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தச் சோகை உடையவர்கள். உடம்பில் இரத்தம் குறைந்தவள் சிறிது இழந்தாலும் தாங்கமாட்டாள். ஆதலால் இரும்புச் சத்து மாத்திரையைக் குப்பையில் எறியாமல் விழுங்குவதும், முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை முதலியவற்றை உண்பதும் பிரசவ ஏற்பாட்டின் முதற்பகுதி.

இரண்டாவது சத்துரு இரத்தக் கொதிப்பு. கை கால் முகம் வீங்கி, தலைவலி மிகுந்து, கண் மங்கினால், அது ஜன்னிக்கு முன்னறிகுறி. திருஷ்டி கழிப்பதால் அது போகாது. சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் இரத்தக் கொதிப்பையும் சிறுநீரையும் சோதிப்பது இதற்காகவே. எம்மாதமாயினும் உதிரம் காணுதல், வலியின்றிப் பனிக்குடம் உடைதல், சிசுவின் அசைவு குறைதல், ஜுரம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், நல்ல நேரம் பாராமல் உடனே புறப்பட வேண்டும்.

போய்ச் சேரும் தாமதமோ இப்பகுதிக்கே உரிய துன்பம். முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் முதலிய இடங்கள் அடையாற்றின் வெள்ளத்தை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கண்டவை. 2015 வெள்ளத்தில் ராமாபுரத்தில் நிறைகர்ப்பிணி ஒருத்தியை விமானப்படை ஹெலிகாப்டர் மாடியிலிருந்து கயிற்றில் தூக்கித் தாம்பரம் விமானப்படை நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பின்பு அவள் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றாள். எல்லோருக்கும் ஹெலிகாப்டர் வாராது. ஐப்பசி முதல் மார்கழி வரையில் நாள் குறிக்கப்பட்டவர்களும், தாழ்ந்த இடத்தில் வசிப்பவர்களும், மழை வலுப்பதற்கு முன்பே மேட்டுப்பாங்கிலுள்ள உறவினர் வீட்டுக்கோ, சுகாதார நிலையத்தின் யோசனைப்படி ஆஸ்பத்திரிக்கோ சென்றுவிடுதல் நலம். மற்ற மாதங்களிலும், காலை மாலை வேளைகளில் டிரங்க் ரோட்டின் நெரிசலைக் கணக்கிட்டே புறப்பட வேண்டும். 2008 முதல் நடைபெற்று வரும் 108 வண்டியை அழைக்க வேண்டியது வலி முற்றிய பிறகன்று.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பழைய வழக்கம்; பெண்ணுக்கு அது ஆறுதலும் ஆகும். ஆனால் ஒன்பதாம் மாதத்தில் ஊர் மாறும்பொழுது வளையலும் புடவையும் பெட்டியில் ஏறுகின்றன. பரிசோதனைச் சீட்டுகள் ஏறுவதில்லை. இரத்த வகுப்பு, ஸ்கேன் குறிப்பு, மாத்திரை விவரம் ஆகியவை அடங்கிய புஸ்தகமே முதலில் பெட்டிக்குள் போக வேண்டும். பெண் போய்ச் சேர்ந்த மறுநாளே அவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எங்கே பிரசவிப்பது?

சுகப்பிரசவம் எதிர்பார்க்கப்படும் பெண்ணுக்கு, இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே போதுமானது. முன்பு ஆபரேஷன் ஆனவள், இரட்டைக் கர்ப்பம், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கடுஞ்சோகை, சிசு குறுக்காகவோ கால் முன்னாகவோ இருத்தல் ஆகியவை உள்ளவர்கள் முதலிலேயே குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரி, செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, எழும்பூர் ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குக் குறிக்கப்பட வேண்டும். 2011-இல் ஏற்பட்ட திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும், ஆபரேஷனும், மருந்தும், உணவும், இரத்தமும் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் தொகை, ஏழைத் தாய்மார்க்கு 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதைப் பெறக் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே பதிவு செய்தல் அவசியம்.

தனியார் ஆஸ்பத்திரியை விரும்புவோர் விரும்பலாம். ஆனால் சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்பது அங்கத்தினரின் கடமை. இரவில் டாக்டர் இருப்பாரா? மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? இரத்தம் எங்கிருந்து வரும்? நூறு பிரசவத்தில் எத்தனை ஆபரேஷன்? சுகப்பிரசவத்துக்கு என்ன செலவு, ஆபரேஷனுக்கு என்ன செலவு? மாடு வாங்கும்பொழுது பல்லைப் பிடித்துப் பார்ப்பவர், இதைக் கேட்க வெட்கப்படலாகாது.

மருந்துடனா, மருந்தின்றியா?

வலி ஊசி என்று ஜனங்கள் சொல்வது ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு மருந்துகளை. ஒன்று, வலியை உண்டாக்கவும் வலுப்படுத்தவும் செலுத்தும் ஆக்ஸிடோஸின். மற்றொன்று, வலி தெரியாதிருக்கச் செய்யும் மருந்து. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் பின் வருந்துவோர் பலர். முதலாவது, ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக, சிசுவின் இருதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டு கொடுக்கத்தக்கது. பிள்ளை பிறக்குமுன் வீட்டில் யாரேனும் வந்து அதை ஊசியாகப் போட்டால் கர்ப்பப்பை கிழிந்து தாயும் சேயும் மாளக்கூடும். வலி வருவதற்காக விளக்கெண்ணெய் குடிப்பிக்கும் வழக்கமும் வைத்தியரைக் கேளாமல் செய்யத்தக்கதன்று.

வலியைத் தணிக்கும் மருந்தின் சரித்திரம் 1847-இல், எடின்பரோ நகரத்தில் ஜேம்ஸ் ஸிம்ஸன் பிரசவத்தில் ஈதரையும் பின் குளோரோபாரத்தையும் உபயோகித்ததிலிருந்து தொடங்குகின்றது. வேதனையோடு பெறுவதே தெய்வ கட்டளை என்று அங்கும் சிலர் எதிர்த்தனர். 1853-இல் விக்டோரியா மகாராணி தம் பிரசவத்தில் ஜான் ஸ்நோ என்னும் வைத்தியரைக் கொண்டு குளோரோபாரம் முகர்ந்தபின் அந்த எதிர்ப்பு தளர்ந்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தாயை அரைத் தூக்கத்தில் ஆழ்த்தும் முறை புகழ்பெற்று, அதனால் தாயின் நினைவு தடுமாறுவதும் சிசுவின் மூச்சு மந்தமாவதும் கண்டு கைவிடப்பட்டது. 1933-இல் கிராண்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கில வைத்தியர், பயமே உடம்பை இறுக்கி வலியைப் பெருக்குகின்றது, பயம் தெளிந்தால் வலி குறையும் என்று எழுதினார். மருத்துவச்சியின் கையணைப்பை அறிந்த நம் பாட்டிமார்க்கு இது புதிதன்று.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் முறை, முதுகுத் தண்டையொட்டி மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல். இதில் தாய் விழித்தே இருப்பாள். வலி மட்டும் பெரும்பாலும் அடங்கும். கால் கனப்பது, இரத்தக் கொதிப்பு தாழ்வது, பிள்ளை வெளிவரும் நேரம் சற்று நீளுவது, அதனால் சிலருக்குக் கருவி உதவி தேவைப்படுவது ஆகிய குறைகள் உண்டு. ஆனால் இதனால் ஆபரேஷன் பெருகும் என்பதையோ, ஆயுள் முழுதும் இடுப்புவலி வரும் என்பதையோ ஆராய்ச்சிகள் உறுதி செய்யவில்லை. மயக்க மருந்து டாக்டர் உடனிருக்குமிடத்தில் மட்டுமே இது செய்யத்தக்கது.

மருந்தின்றிப் பெற விரும்புவோர்க்கும் வழி உண்டு. வலி நேரத்தில் நடத்தல், குந்துதல், ஒருக்களித்துப் படுத்தல், வெந்நீர் ஒற்றடம், இடுப்பை நீவுதல், மூச்சை ஒழுங்குபடுத்தல் ஆகியவற்றை உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட விதிகள் ஆதரிக்கின்றன. எல்லாவற்றிலும் மேலானது துணை. பிரசவ காலம் முழுவதும் ஒருவர் இடைவிடாது பக்கத்திலிருந்தால், ஆபரேஷனும் வலி மருந்தின் தேவையும் குறைகின்றன என்று பல தேசத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணை ஒருத்தியை உடன் வைத்துக்கொள்ள இந்திய சர்க்கார் 2016-இல் அனுமதித்திருக்கின்றது. இதைப் பிச்சையாக அன்று, உரிமையாகக் கேட்கலாம்.

ஆகவே மருந்து வேண்டுபவள் கோழையுமல்லள், வேண்டாதவள் வீராங்கனையுமல்லள். நான் எட்டுப் பிள்ளையும் வீட்டிலேயே பெற்றேன் என்று சொல்லும் மாமியார், பிழைத்தவர் மட்டுமே கதை சொல்ல முடியும் என்பதை நினைக்க வேண்டும். வலி யாருடையதோ, வார்த்தையும் அவளுடையதாக வேண்டும். உதிரத்தை நிறுத்தும் மருந்தும், ஜன்னியைத் தடுக்கும் மருந்தும் மாத்திரம் விருப்பத்துக்கு விடப்பட்டவை என்று கருதலாகாது. மருந்தின்றிப் பெறுவது வேறு. மருந்தில்லாத இடத்தில் பெறுவது வேறு.

ஆபரேஷனைப் பற்றி

2019-21-ஆம் வருஷக் கணக்கில் தமிழ் நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷனால் நிகழ்ந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் அது 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 64. ஒரு நாட்டின் கணக்கில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஆபரேஷன் பெருகுவதால் உயிர்ச்சேதம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் அறிவித்தது. இதன் பொருள், டாக்டர் ஆபரேஷன் அவசியம் என்னும்பொழுது குடும்பத்தார் தடுத்து நிற்க வேண்டும் என்பதன்று. அந்நேரத்துத் தர்க்கமும் ஒரு தாமதமே. கேள்வி கேட்க வேண்டிய காலம் அதற்கு முந்திய மாதங்கள். அன்றியும், ஜோதிடரிடம் நக்ஷத்திரம் குறித்து வாங்கி வந்து, நாள் நிரம்பாத குழந்தையை எடுக்கும்படி டாக்டரை வற்புறுத்துவோர் குடும்பத்தாரேயாவர். 39 வாரம் நிறையுமுன் காரணமின்றி எடுத்த சிசு மூச்சுக்குத் திணறக்கூடும். நல்ல நக்ஷத்திரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதனால் என்ன லாபம்?

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, சேமிப்பு. மூன்றாம் மாதத்தில் கர்ப்பம் உறுதியானவுடன், மனைவியின் பேரில் சங்கத்தில் மாதாந்தரச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். மாதம் 1,000 ரூபாய் கட்டினால் பிரசவத்துக்குள் ஆறேழாயிரம் சேரும். இலவச ஆஸ்பத்திரியிலும் வண்டிச் சத்தம், உடனிருப்போர் உணவு, கூலி இழப்பு ஆகியவை உண்டு. இரண்டாவது, கடன். அவசரம் நேர்ந்தால் தெருக்கோடி அடகுக் கடையை நாடாமல் சங்கத்தில் நகைக் கடன் பெறுவதற்கு வேண்டிய பத்திரங்களை முன்பே ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். வளைகாப்புக்கும் பெயர் சூட்டுவதற்கும் பந்தலிட்டுக் கடன்பட்டுவிட்டு, பிரசவ இரவில் கை விரிப்பது தகாது.

மூன்றாவது, இரத்தம். 18 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான ஆடவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் தானம் செய்யலாம். அங்கத்தினர்களில் சம்மதிப்போரின் பெயரையும் இரத்த வகுப்பையும் ஒரு புஸ்தகத்தில் எழுதிச் சங்கத்தில் வைத்தால், அது கையிருப்புப் பணத்தைவிட விலைமதிப்புள்ள கையிருப்பாகும். நான்காவது, வண்டி. 108 வரத் தாமதமானால், எந்த அங்கத்தினரின் கார் அல்லது ஆட்டோ இரவில் வரும் என்று முன்னரே பேசி வைக்கலாம். ஐந்தாவது, கூட்டம். வருஷத்துக்கு இரண்டு முறை கிராம சுகாதாரச் செவிலியைச் சங்கத்துக்கு அழைத்து, பெண் அங்கத்தினர்களோடு கணவன்மாரும் மாமியார்மாரும் உட்கார்ந்து கேட்கும்படி செய்யலாம்.

இவை யாவற்றுக்கும் முந்தியது ஒன்று. ஏழாம் மாதம் முடிவதற்குள், கணவன் மனைவியோடு உட்கார்ந்து, எங்கே பெற விரும்புகிறாய், யார் உடனிருக்க வேண்டும், வலிக்கு மருந்து வேண்டுமா, அவசரமானால் யார் கையெழுத்திடுவது என்னும் நான்கையும் கேட்டு, விடையைப் பரிசோதனைப் புஸ்தகத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை. திண்டிவனத்து மூன்று வீடுகளிலும் அந்த இரவில் இல்லாமற்போனது இக்கேள்வியே. சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அது கேட்கப்படுமாக.